இம்கே படுத்த மண்

கெஷே தேநீர் குடிக்கமாட்டாள். வடகடலோரத்திலிருந்து வந்த எங்கள் ஃப்ரீசியக் குடிகளிடம் இதைச் சொன்னால் ஆளை மேலும் கீழும் பார்ப்பார்கள். கடல் தாண்டி அமெரிக்காவின் இந்த இல்லினாய்ப் புல்வெளிக்கு வந்தபோது மாற்றுத்துணி இல்லாமல் வந்தவர்கள் உண்டு, தேயிலைப் பொட்டலம் இல்லாமல் வந்தவர்கள் ஒருவரும் இல்லை. கல்யாணமோ சாவோ, பசு கன்று போட்டதோ, யார் வீட்டுப் படியேறினாலும் மூன்று கோப்பை. அடியில் ஒரு கற்கண்டு, அதன்மேல் கொதிக்கக் கொதிக்கத் தேநீர், ஓரத்தில் கொஞ்சம் பாலேடு. கலக்கவே கூடாது. பிறகு தேக்கரண்டி எதற்கு என்றால், போதும் என்று சொல்வதற்கு. வாயைத் திறக்க வேண்டியதில்லை. கரண்டியைக் கோப்பைக்குள் நிற்க வைத்தால் வீட்டுக்காரர் ஊற்றுவதை நிறுத்திவிடுவார். ஆனால் மூன்றாவது கோப்பை முடிவதற்குள் அப்படி வைப்பது, அந்த வீட்டாரின் முகத்தில் காறித் துப்புவதற்குச் சமம்.

கெஷே எந்த வீட்டுக்குப் போனாலும் உட்கார்ந்த உடனே கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். "மோர் இருந்தா குடு. இல்லன்னா சும்மா உக்காரு, பேசலாம்" என்பாள். நாற்பது வருஷம் இப்படித்தான். கல்யாணமாகிப் புதிதாக வந்த பெண்கள் இது ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துக்கொள்வார்கள். கேட்கத் துணிந்த ஒருத்தியிடம், "எனக்குச் சேர வேண்டிய டீயை ஒரே நாள்ல குடிச்சிட்டேன்டி, மிச்சம் இல்ல" என்றாளாம். அதற்குமேல் அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் கிடையாது.

நெடுநெடுவென்று எலும்பும் தோலுமாக இருப்பாள். காலில் எப்போதும் செத்துப்போன புருஷனின் பழைய பூட்ஸ். கழற்றினால் அந்த நிலத்தின் வருஷக் கணக்கை அவள் பாதத்திலேயே பார்க்கலாம்: மே மாதம் வரை விரலிடுக்கில் சேற்றுப்புண், ஆகஸ்டில் குதிகாலில் வெடிப்பு.

நிலத்தைப் பற்றிச் சொல்லாமல் கெஷேயைப் பற்றிச் சொல்ல முடியாது. ஏமாற்றுக்கார மண் அது. மேலே ஒரு முழத்துக்குக் கன்னங்கரேல் என்று இருக்கும். கையில் அள்ளினால் மணலும் வண்டலுமாகப் பொலபொலவென்று உதிரும். காலங்காலமாகப் புல் மக்கி மக்கிச் சேர்ந்த கறுப்பு. பார்க்கிற எந்தக் குடியானவனுக்கும் நாக்கில் எச்சில் ஊறும். அதற்குக் கீழேதான் குட்டு இருக்கிறது. கறுப்பு முடிந்ததும் சாம்பல் நிறம், அதில் அங்கங்கே துருப்பிடித்த ஆணியை ஊறப்போட்டது போலச் செம்மஞ்சள் புள்ளிகள். இன்னும் கீழே நீலம் பாரித்த பொடிமணல், தண்ணீர் பட்டால் கஞ்சியாக இளகிவிடும். அதற்கும் அடியில் சொட்டு நீரைக்கூட இறங்கவிடாத களி. பனி உருகும் மார்ச்சில் தண்ணீர் கீழே போக வழியில்லாமல் மேலே ஏறிவந்து நிற்கும். விதைத்த சோளம் அந்த ஈரத்தில் வேர் அழுகி மஞ்சளடிக்கும். தப்பிப் பிழைத்த பயிரும் வேரை ஆழத்துக்கு விடாது, மேலாகவே படரவிடும். ஜூலை வெயில் வந்தால் தாகத்தில் சுருண்டுவிடும். மூழ்கடித்தும் கொல்லும், காயப்போட்டும் கொல்லும். ஒரே வருஷத்தில், ஒரே பயிரை.

கெஷேயும் புருஷன் ஒக்கேயும் அந்த நிலத்தை வாங்க வந்தது ஆகஸ்ட் மாதத்தில். வேறு எப்போது காட்டுவான் விற்கிறவன்? மழை பெய்யாத வருஷம் வேறு. வண்டி ஓடினால் பின்னால் கறுப்புப் புழுதி பறந்தது. ஒக்கே குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து மூக்கில் வைத்து மோந்தான், பிறகு மனைவியின் மூக்கிலும் வைத்தான். "மோந்து பாரு கெஷே. நம்மூர்ல இப்படி ஒரு மண்ணைக் கனவுலயாவது பாத்திருப்பமா?"

கூட வந்திருந்தவர் ஹாப்போ ஐலர்ஸ். எங்களில் முதலில் குடியேறியவர், மனைவியை இழந்தவர், பக்கத்து மணல்மேடு முழுக்க அவருடையது. அந்த மேட்டில் ஒரு மூலையைத் தேவாலயத்துக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் எழுதிக் கொடுத்திருந்தார். அதனால் அங்கே யாரைப் புதைப்பது என்பதிலும் கடைசிப் பேச்சு அவருடையதாகத்தான் இருந்தது. நல்ல மனுஷன். வறட்டு கௌரவம் மட்டும் மலையளவு.

"மேல பாக்காத ஒக்கே. ஒரு ஆழம் தோண்டிப் பாரு" என்றார் ஹாப்போ. காலால் ஒரு இடத்தைக் காட்டினார். உலர்ந்த சேற்று உருண்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஒரு சின்னக் கோபுரம் புல்லுக்குள் நின்றது. "நண்டு வளை. நண்டு சும்மா வராது. கீழ தண்ணி இருக்கு."

ஒக்கே சிரித்தான். "கடலையே அணை போட்டுத் தள்ளி நிறுத்துன ஊருக்காரன் நான். என்னைப் போயி நண்டைக் காட்டிப் பயமுறுத்துறீங்களே."

இடுப்பில் குழந்தையோடு நின்ற கெஷேவுக்கு, தோண்டித்தான் பாரேன் என்ற சொல் வாய்வரை வந்தது. மகள் இம்கே அப்போதுதான் அழுது ஓய்ந்து தோளில் தூங்கியிருந்தாள். கப்பலிலும் ரயிலிலும் அலைந்த உடம்பு. ஒக்கேயோ அத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரிக்கிறான். பேசாமல் இருந்துவிட்டாள். நிலம் அவர்களுடையதாயிற்று.

ஏப்ரலில் வீட்டு வாசலிலிருந்து ஓடை வரைக்கும் தண்ணீர். வாத்துகள் வந்து இறங்கின. ஒக்கே நேரே மணல்மேட்டுக்குப் போய் ஹாப்போ வீட்டில் உட்கார்ந்தான். வயிற்றெரிச்சலைக் கொட்டப் போனவனுக்கு ஹாப்போ முறைப்படி முதல் கோப்பையை ஊற்றினார். ஊற்றிக்கொண்டே, "நான்தான் தோண்டிப் பாருன்னு சொன்னனே" என்றார். சொல்லியிருக்க வேண்டாம். உண்மைதான், ஆனால் வெள்ளத்தில் நிற்கிறவனிடம் சொல்லும் பேச்சா அது? ஒக்கே முதல் கோப்பையைக் குடித்து முடித்தான், கரண்டியை அதற்குள் நிற்க வைத்தான், தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

அந்த ஆகஸ்டில் இம்கே செத்துப்போனாள். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். வீட்டில் சுடுதண்ணீர் வைத்துக்கொண்டே இருந்தாள் கெஷே, குழந்தையின் உடம்பிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு வயது முடியவில்லை. ஒக்கே தன் கையாலேயே பெட்டி செய்தான். மணல்மேட்டுக் கல்லறைக்குக் கொண்டுபோக ஹாப்போவிடம் கேட்க வேண்டும்.

"அந்தாளு வீட்டு வாசல்ல போயி நிக்கமாட்டேன்" என்றான் ஒக்கே. "நம்ம மண்ணு இருக்குல்ல. நம்ம பிள்ள நம்ம மண்ணுல கெடக்கட்டும்."

வயலின் மேற்கு மூலையில், காட்டு பிளம் மரத்தடியில் குழி வெட்டினான். நெஞ்சளவு ஆழம் வரைக்கும் பொடிமண் உதிர்ந்துகொண்டே வந்தது. துளி ஈரமில்லை. இந்த முறை கெஷே எட்டிப் பார்த்தாள். கறுப்பு, அதற்குக் கீழே சாம்பல், அதில் துருப் புள்ளிகள். புள்ளிகள் என்ன சொல்கின்றன என்று இப்போது அவளுக்குத் தெரியும்: வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் இந்த உயரத்தில் நிற்கும். ஆனால் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற நேரத்தில் எந்தத் தாய் மண்ணைப் பற்றிப் பேசுவாள்?

மறு ஏப்ரலில் பெட்டி மேலே வந்தது.

முழுக்க வரவில்லை. இளகிய மணல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிவிட்டிருக்கிறது. கன்றுக்குட்டியைத் தேடிப் போன கெஷே, சேற்றுக்கு மேலே பலகையின் ஒரு மூலை தெரிவதைப் பார்த்தாள். ஒக்கே அடித்த ஆணியின் தலை அதில் துருவேறி இருந்தது. அவள் கத்தவில்லை. முட்டியளவு தண்ணீரில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, யாரும் பார்த்துவிடாதபடி பாவாடையை விரித்து மூடிக்கொண்டாள். ஒக்கே தேடிக்கொண்டு வரும்வரை அப்படியே இருந்தாள். அவன் உடைந்த செங்கல்லை வண்டியில் கொண்டுவந்து பாரம் வைத்து அமுக்கினான். அமுக்கும்போது அவன் அழுதது பக்கத்து வயல்காரர் ஃபோக்கேவுக்குக் கேட்டிருக்கிறது.

அன்று மாலை கெஷே ஒக்கேயிடம் சொல்லாமல் மணல்மேட்டுக்கு ஏறினாள். ஹாப்போ அவளை உட்கார வைத்து மூன்று கோப்பையும் ஊற்றினார். அவள் மூன்றையும் குடித்துவிட்டுக் கேட்டாள்.

"பெரியவரே, என் பிள்ள தண்ணியில கெடக்குறா. மேட்டுல ஆறடி எடம் குடுங்க. அவளுக்கு ஆறடிகூட வேண்டாம்."

ஹாப்போ காலிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "எடத்துக்கு என்ன பொண்ணே, காஞ்ச மணல், எவ்வளவோ கெடக்கு. ஒக்கே வரட்டும். மன்னிப்பெல்லாம் கேக்க வேண்டாம், ஒரு வார்த்தை பேசவும் வேண்டாம். இந்த வீட்ல ரெண்டு கப்பு மிச்சம் வெச்சிட்டுப் போயிட்டான். வந்து அதைக் குடிக்கச் சொல்லு. குடிச்ச மறுநிமிஷம் நானே மண்வெட்டி எடுத்துக்கிட்டு வர்றேன்."

"நான் குடிச்சாப் போதாதா?"

"கரண்டிய வெச்சது நீயா?"

இறங்கி வந்து ஒக்கேயிடம் சொன்னாள். கெஞ்சினாள். பிறகு கத்தினாள்.

"ரெண்டு கப்பு டீ. வெஷமா குடுக்குறாரு? கண்ண மூடிக்கிட்டுக் குடிச்சிட்டு வாயேன்."

"குடிச்சா என்ன அர்த்தம் தெரியுமா? மண்ணு பாக்கத் தெரியாத முட்டாள், பிள்ளையக் கொண்டுபோயித் தண்ணியில புதைச்சேன்னு ஒத்துக்கிட்ட அர்த்தம்."

"புதைச்சதானே."

ஒக்கேயின் முகம் வெளுத்துப்போயிற்று. கை ஓங்கவில்லை, அவன் அந்த மாதிரி ஆள் இல்லை. எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான். "நான் காய வைக்கிறேன்" என்றான். "அவ படுத்திருக்குற எடத்தை நானே காய வைக்கிறேன். அப்புறம் பேசு."

புதைச்சதானே என்ற சொல்லை அவள் திரும்ப எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம். இரண்டு ஆண்பிள்ளைகளின் வீம்புக்கு நடுவில் மாட்டிக்கொண்டு அவளுக்கும் ஆத்திரம் தலைக்கேறியிருந்தது.

ஆகஸ்ட் வந்ததும் ஒக்கே தொடங்கினான். சூளையிலிருந்து சுட்ட மண்குழாய்களை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து ஓடைக்கரையில் அடுக்கினான். ஒரு முழ நீளத்துக்குக் கொஞ்சம் குறைவான குழாய்கள். பள்ளத்தின் அடியில் ஒன்றோடொன்று முட்டவைத்து வரிசையாகப் போட்டு மூடினால், இடுக்கு வழியாக மண்ணின் தண்ணீர் உள்ளே கசிந்து ஓடைக்குப் போய்விடும். ஓடையில் ஆரம்பித்து மேல்நோக்கி, பிளம் மரத்தைப் பார்த்து வெட்டிக்கொண்டே போனான். அவன் மட்டமான வேலைக்காரன் இல்லை. பொடிமணல் உள்ளே புகாதபடி ஒவ்வொரு இடுக்கின்மேலும் வைக்கோல் வைத்தான். நீரோட்டம் சரியாக இருக்கிறதா என்று பள்ளத்தில் கசியும் தண்ணீரை வைத்தே பார்த்துக்கொண்டான். கெஷே மேலே நின்று குழாய்களை ஒவ்வொன்றாக நீட்டுவாள், அவன் வாங்கி வைப்பான். சில நாள் ஃபோக்கேயும் வந்து மண் அள்ளிப் போடுவார்.

அவர்கள் இருவரும் அந்த வருஷத்தில் நன்றாக இருந்தது அந்தப் பள்ளத்தில்தான். குழாயை நீட்டும்போது அவன் விரல் அவள் விரலில் படும். "இன்னும் ஒரு வாரம்டி" என்பான். "உன் வாரத்துக்கு எத்தன நாளு?" என்பாள் அவள். அவன் கீழேயிருந்து சிரிப்பது கேட்கும். மணல்மேட்டு வேலியோரம் ஹாப்போ நின்று கீழே பார்த்துக்கொண்டிருப்பதும் சில மாலைகளில் தெரியும். ஒக்கே அந்தப் பக்கம் தலையைத் திருப்பமாட்டான்.

செப்டம்பர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. பிளம் மரத்துக்கு இன்னும் ஐம்பது அடி பாக்கி. அங்கே தரை கொஞ்சம் உயரம். அதனால் பள்ளம் ஆளுயரத்தையும் தாண்டிப் போயிருந்தது. கீழ்ப்பக்கம் வெட்டியபோது சுவர் வண்டல் கலந்து கெட்டியாக நின்றது. மேலே வர வர மணல் பொடிசாகிக்கொண்டே வந்தது.

"சொவத்துக்குப் பலகை அண்டக் குடுக்காம எறங்காத ஒக்கே" என்றார் ஃபோக்கே.

"பலகை வெச்சா திரும்பி வேல செய்ய எடமில்ல. எங்கப்பா இதைவிட ஆழத்துல வெட்டியிருக்காரு. சொவரு செதுக்குன மாதிரி நிக்கும்."

"அது களிமண்ணு. உங்கப்பா வெட்டுனது அந்த ஊர்ல."

"இத்தோட நிறுத்திக்குவோம்" என்றாள் கெஷே. "இந்த வருஷம் இது போதும். மழை விட்டாப் பாக்கலாம்."

"இங்க நிறுத்தினா என்ன பிரயோசனம்? அவ அடிக்குக் கீழ வரைக்கும் போகணும். பக்கத்துல போகலேன்னா தண்ணி எறங்காது. அம்பது அடி தள்ளி நிறுத்துறது அவளுக்குப் பண்ற துரோகம்." ஏணியில் ஒரு காலை வைத்தபடி அவளைப் பார்த்தான். "இந்த ஏப்ரல்ல அவ எழுந்து வரமாட்டா கெஷே."

அவள் அவனை இறங்கவிட்டாள்.

இருபது அடி முன்னேறினான். நான்காம் நாள், நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னால். கெஷே ஒரு குழாயை நீட்டிக்கொண்டு குனிந்திருந்தாள். அவன் அண்ணாந்து கையைத் தூக்கினான். சுவரின் அடியில், அவனுடைய முழங்காலுக்குப் பக்கத்தில், நீலமணல் சத்தமில்லாமல் பிதுங்கி வருவதை அவள் பார்த்தாள். ஒக்கே என்று கூப்பிடக்கூட நேரமில்லை. அடி இளகி வெளியே வந்ததும், மேலே ஒரு முழம் கனத்துக்கு நின்ற கறுப்பு மண், புல்லோடும் வேரோடும் ஒரே பாளமாக உட்கார்ந்தது. தூக்கிய கை கொஞ்ச நேரம் தெரிந்தது. அவள் அதைப் பிடித்தாள், பிடித்தபடியே படுத்திருந்தாள். எதிர்ச்சுவரும் விழுந்தபோது ஃபோக்கே அவளை இடுப்போடு சேர்த்து இழுத்துப் போட்டார்.

தேவாலய மணி அடித்தது. எல்லாரும் வந்தார்கள், ஹாப்போ பலகைகளை வண்டியில் போட்டுக்கொண்டு முதல் ஆளாக வந்தார். அறுபது வயசு மனுஷர், யார் சொல்லியும் கேட்காமல் இறங்கினார். பலகைகளைச் செருகிச் செருகி மணலை வாளியில் அள்ளிக் கொடுத்தார். ஒரு வாளி அள்ளினால் இரண்டு வாளி உள்ளே வந்தது. கஞ்சிப் பானையில் குழி தோண்டுகிற வேலை. சாயங்காலம் ஆகிவிட்டது. ஹாப்போ இடுப்பு வரைக்கும் மணலில் நின்றார்.

"தொப்பி கைக்குத் தட்டுப்படுது" என்றார் கீழேயிருந்து. "கெடைச்சிட்டான். இன்னும் கொஞ்சம்."

பலகைக்குப் பின்னால் மண் முனகியது. கெஷேவுக்கு அந்தச் சத்தம் இப்போது தெரியும்.

"மேல வாங்க" என்றாள்.

"இன்னும் ஒரு அடி பொண்ணே. என் காலுக்குக் கீழதான் இருக்கான்."

"அவரு செத்துட்டாரு. நீங்க மேல வாங்க. என் முன்னால இன்னொருத்தரு வேண்டாம்."

நான்கு பேர் கயிறு போட்டு அவரை இழுத்தார்கள். பூட்ஸ் உள்ளேயே நின்றுவிட்டது, கால் மட்டும் வந்தது. அவர் வெளியே வந்து புல்லில் விழுந்த கொஞ்ச நேரத்தில் பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே சாய்ந்தன. பள்ளம் இருந்த இடத்தில் சேறு சமமாக நின்றது.

வெறுங்காலோடு உட்கார்ந்திருந்த ஹாப்போ அவளைப் பார்த்துச் சொன்னார்: "பிள்ளைய நாளைக்கே மேட்டுக்குக் கொண்டு போயிரலாம். டீ எல்லாம் ஒண்ணும் வேண்டாம்."

"இப்பவா?" என்றாள் கெஷே. அவ்வளவுதான் சொன்னாள்.

போதகர் அந்தச் சேற்றின் முன்னால் நின்றே ஜெபம் படித்தார். மறு கோடையில் மண் காய்ந்ததும் ஒக்கேயை எடுத்து, தகப்பனையும் மகளையும் மேட்டில் சேர்த்து வைக்கலாம் என்று ஊர் பேசியது. கெஷே கேட்கவில்லை. "ஒண்ணு எழுந்து வந்ததைப் பாத்தது போதும்" என்றாள். குழாய் வரிசையின் கடைசிக் குழாய் எங்கே முடிகிறதோ அங்கே ஒக்கே இருந்தான். அங்கிருந்து பிளம் மரத்துக்கு முப்பது அடி.

ஏப்ரல் வந்தது. வழக்கம்போலச் சுற்றிலும் தண்ணீர், வாத்துகள். ஓடைக்கரையில் குழாயின் வாய் கட்டைவிரல் கனத்துக்குத் தெளிந்த தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. பின்னாளில் சோளம் அறுக்க வரும் ஆட்கள் வெயிலில் அந்த வாயில்தான் குனிந்து குடிப்பார்கள், ஜில்லென்று இருக்கிறது என்பார்கள். அவள் அந்தப் பக்கம் பார்க்கமாட்டாள்.

ஒரு காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பிளம் மரத்தடிக்குப் போனாள். பயந்துகொண்டேதான் போனாள், கால் சேற்றில் இறங்க இறங்கப் பலகை மூலையைத் தேடினாள். மரத்தை நெருங்கும்போது சேறு முடிந்துவிட்டது. மரத்தைச் சுற்றித் தரை கெட்டியாக இருந்தது. பெட்டிக்கு இரண்டடி தள்ளித் தோண்டினாள். கறுப்பு வந்தது. சாம்பல் வந்தது. துருப் புள்ளிகள் அப்படியே இருந்தன, அவை போகாது. நெஞ்சளவு போய்ப் பொடிமணலைக் கையில் எடுத்துப் பிழிந்தாள். ஈரம் இருந்தது, தண்ணீர் இல்லை. மணல் விரல் அடையாளத்தோடு அப்படியே நின்றது.

இம்கே காய்ந்த மண்ணில் படுத்திருந்தாள். கெஷே குழியிலேயே உட்கார்ந்து அழுதாள். செய்துவிட்டான் மனுஷன் என்று சத்தமாகவே சொன்னாள், கேட்க யாருமில்லாவிட்டாலும். பிறகு அழுகை நின்றது. எழுந்து நின்று, முப்பது அடிக்கு அந்தப்பக்கம் குழாய் முடிகிற இடத்தைப் பார்த்தாள். இந்த மரத்தைப் பார்த்தாள். வெளியே வந்து, குழியைக்கூட மூடாமல், சேற்றுக் காலோடு மணல்மேட்டுக்கு ஏறினாள்.

ஹாப்போ அந்தக் குளிர்காலத்தில் நன்றாகக் கிழடு தட்டிப்போயிருந்தார். ஒன்றும் கேட்காமல் தண்ணீர் வைத்தார், கற்கண்டு போட்டு ஊற்றினார். கற்கண்டு சூட்டில் படீரென்று வெடித்தது. அவள் முதல் கோப்பையைக் குடித்தாள்.

"பிள்ளையிருக்குற எடம் காஞ்சிருக்கு" என்றாள்.

"தெரியும். மேலேர்ந்து பாத்தாத் தெரியுது. அந்த எடத்துல மட்டும் புல்லு வேற நெறம்."

"குழாய் அவ கிட்டப் போகவே இல்லையே. முப்பது அடி இந்தப் பக்கமே நின்னுபோச்சே."

ஹாப்போ இரண்டாவது கோப்பையை ஊற்றினார். பாலேட்டை விட்டார்.

"சொல்லுங்க பெரியவரே."

"மணலு பொண்ணே. களிமண்ணுலதான் தண்ணி நகராது, கிட்டப் போயி வாங்கணும். மணல்ல குழாயைத் தூரத்துல வெச்சாலும் தண்ணி தானா தேடிக்கிட்டு வந்துரும்."

அவள் இரண்டாவதையும் குடித்து முடித்துவிட்டுக் கேட்டாள். "அப்ப அம்பது அடியில நிறுத்தியிருந்தா?"

"அப்பவும் காஞ்சிருக்கும்."

"மழை வந்தப்பவே நிறுத்தியிருந்தா."

"ஆமா."

"அது உங்களுக்கு அப்பவே தெரியும். வேலிகிட்ட நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தீங்க."

ஹாப்போவின் கை தேநீர்ப் பாத்திரத்தின் மேலேயே இருந்தது. "வந்து கேப்பான்னு இருந்தேன்" என்றார். "டீ குடிக்க வந்தான்னா அப்படியே பேச்சோட பேச்சாச் சொல்லிரலாம்னு தெனமும் தண்ணி சூடு பண்ணி வெச்சிருந்தேன்."

கெஷே அவரையே பார்த்தாள். திட்டலாம் என்றுதான் நினைத்திருப்பாள். ஆனால் குழியில் இறங்கி இடுப்பளவு மணலில் நின்ற மனுஷர் இவர்தான். கரண்டியை வைத்தவன் அவள் புருஷன். புதைச்சதானே என்று சொன்னது அவளேதான். யாரை எங்கே ஆரம்பித்துத் திட்டுவது?

கோப்பையை நீட்டினாள். மூன்றாவதை ஊற்றினார். குடித்தாள். முறைப்படி இனி கரண்டியை வைக்க வேண்டும். ஹாப்போவும் அதற்காகக் காத்திருந்தார். கெஷே மறுபடியும் கோப்பையை நீட்டினாள்.

"ஒக்கே மிச்சம் வெச்சிட்டுப் போன ரெண்டு கப்பு" என்றாள். "ஊத்துங்க."

கண்ணீரில் அவருக்குக் கண் தெரியவில்லை, கற்கண்டைத் துழாவி எடுத்தார். பாதித் தேநீர் மேசையில் சிந்தியது. நான்காவது கோப்பையைக் குடிக்கும்போது அவளுக்கு நாக்கு வெந்தது, நிறுத்தவில்லை. ஐந்தாவதில் கற்கண்டு கரையாமல் அடியில் கிடந்தது. அதையும் வாயில் போட்டுக் கடித்து விழுங்கினாள்.

பிறகு தேக்கரண்டியை எடுத்துக் கோப்பைக்குள் நிற்க வைத்துவிட்டு, குழியை மூட வேண்டும் என்று சொல்லி எழுந்து போனாள்.